ஆற்றைத் தாண்டித் திரும்பிய பூனை

பாப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று போனில் உன் குரலைக் கேட்டபோதே நீ நலமாக இல்லை என்று தெரிந்துவிட்டது. "அந்தப் பெரியம்மா அப்படிச் சொன்னாங்களாம், நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சியாமே, நெசமாம்மா?" என்று கேட்டாய். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. ஆமாம், சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். புதன்கிழமை நீ சென்னையிலிருந்து வந்து இறங்கும்போது வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள், ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியாது. அதனால் கூரியரில் அனுப்புகிறேன், வண்டி ஏறுவதற்கு முன் படித்துவிடு. படித்ததும் ஒளித்து வைக்க வேண்டாம். உன் அத்தை படிக்கட்டும், உன் மாமியார் வீட்டில் படிக்கட்டும், ஊரே படிக்கட்டும். எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, இனிமேல் யாருக்குப் பயப்படப் போகிறேன்?

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து, மாப்பிள்ளையின் பெரியம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார்கள். எத்தனை வேன், எத்தனை பேருக்குக் காலை டிபன் என்று பேசத்தான் வந்தது. நம் டைகர் வாசலுக்கு ஓடி, வாலை ஆட்டி, அவர்கள் காலை முகர்ந்து, நான் "போடா" என்றதும் போய் உன் அப்பாவின் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டது. உன் பூனை மிளகு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தது. வந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நான் அதைத் தூக்கிக் கீழே விட்டு அந்த நாற்காலியை அவர்களுக்குப் போட்டேன். அவர்கள் கை கழுவ எழுந்து போய் வருவதற்குள் மறுபடியும் அதே நாற்காலியில் அது! பெரியம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்: "பாருங்க சம்பந்தி, வீட்டுக்கு வர்ற பொண்ணு அந்த நாய் மாதிரி இருக்கணும். ஒரு சொல்லு சொன்னா புரிஞ்சுக்கணும். இந்தப் பூனை மாதிரி இருந்தா குடும்பத்துக்கு ஆவாது." உன் அத்தை கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காபியில் இரண்டாவது முறை சர்க்கரை போட்டேன்.

அவர்கள் போனதும் உன் அத்தை என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு வகுப்பு எடுத்தாள். வியாழக்கிழமை காலையில் நீ கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்து உன் நெற்றியில் நான் சிலுவை போட வேண்டும். போட்டுவிட்டு, உன் அப்பா வீட்டு வழக்கப்படி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்: "இனிமே அதுதான் உன் வீடு. இங்க நீ விருந்தாளி." உன் அத்தைக்கு அவள் அம்மா சொன்னது, எனக்கு என் அம்மா சொன்னது. "மறந்துடாதம்மா, முக்கியமா இவளுக்குச் சொல்லணும். இவ பூனை" என்றாள். கோயிலில் மூன்று ஞாயிறு உன் கல்யாண அறிக்கை வாசித்தார்கள், தடை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு தடையும் இல்லை. அந்த வாக்கியத்தின் மேல்தான் தடை. அதைக் கோயிலில் எழுந்து சொல்ல முடியாது, அதனால் இங்கே சொல்கிறேன்.

நாயையும் பூனையையும் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிட அதிகம் அடிபட்டவர்கள் இல்லை. நீ பதினோராம் வகுப்பு போன வருஷம்தான் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. டைகரை உன் அப்பா வயலிலிருந்து துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மிளகு தானாக வந்தது. வைக்கோல் போருக்கடியில் கத்திக்கொண்டிருந்ததை நீ எடுத்துவந்து, கறுப்பாக உருண்டையாக இருக்கிறது என்று அந்தப் பெயரை வைத்தாய். எனக்கு அப்போது அங்கன்வாடியில் பதினைந்து வருஷ சர்வீஸ். "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்றால் முப்பது பிள்ளைகள் மூச்சு விடாமல் உட்காரும். இரண்டு குட்டிகள் எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

டைகர் என் கர்வத்தை வளர்த்தது. வாசற்படி தாண்டக் கூடாது என்பதை மூன்றே நாளில் படித்துக்கொண்டது. தாண்டினால் ஒரு அதட்டல், தாண்டாவிட்டால் ஒரு துண்டு ரொட்டி. நாலாம் நாள் ரொட்டிகூட வேண்டாம், "நல்ல பையன்" என்று தலையைத் தடவினால் போதும் என்று ஆனது. தை மாசம் ரோட்டில் நெல் காயப்போட்டபோது உன் அப்பா "இரு" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார், வழியில் யாரோ டிராக்டர் மக்கர் பண்ணுகிறது என்று கூட்டிப்போக, மறந்தே போனார். மத்தியானம் வரை அந்த வெயிலில் நெல்லுக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருந்தது. ஆடு வந்தால் விரட்டியது, கோழி வந்தால் விரட்டியது, பிறகு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. நாய்க்கு நம் முகம்தான் பாடப்புத்தகம். நாம் சிரித்தால் அது பாஸ், முறைத்தால் பெயில். அடித்தாலும் அடித்த கையையே நக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது அதன் பிறவிக் குணம், அதில் ஒரு அழகு இருக்கிறது. அன்றைக்கு உன் அப்பா வந்து அதைக் கட்டிக்கொண்டு கண் கலங்கியதை நீயும் பார்த்தாய்.

அதே பாடத்தை மிளகுக்கு நடத்தினேன். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரெல்லாம் கேட்கிறார்கள். நான் கட்டினேன். பால்காரர் வந்துபோவதற்குள் மணி தனியாக முற்றத்தில் கிடந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வராது. காது கேட்கவில்லையோ என்று பார்த்தால் காது மட்டும் என் பக்கம் திரும்பும், உடம்பு திரும்பாது. விதைநெல் மூட்டையின் மேல் ஒண்ணுக்குப் போனது என்று விளக்குமாற்றால் இரண்டு போட்டேன். அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவள் நான். மறுநாள் பரணில் போனது, அதற்கு மறுநாள் அரிசி மூட்டையில். என்னைக் கண்டாலே பீரோவுக்கு அடியில் ஓடியது. நீதான் கொல்லையில் கிடந்த கொத்தனாரின் பழைய சாந்துச் சட்டியை எடுத்துப்போய், ஆற்று மணல் அள்ளிவந்து, யாரும் நடக்காத மூலையில் வைத்தாய். இரண்டு நாளில் பிரச்சினை தீர்ந்தது. "அதை மாத்த முடியாதும்மா. இடத்தை மாத்துனா போதும்" என்றாய். பதினாறு வயசுப் பெண் சொல்வது சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். நாய்க்கு அது சரி, அது இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். பூனைக்கு அடிக்கிற கை அடிக்கிற கைதான். எதற்கு அடித்தாய் என்பது அதற்குப் பதிவாகாது, யார் அடித்தது என்பது மட்டும் பதிவாகும். இதை நான் தாமதமாகப் படித்தேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நீ பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பங்குனி மாசம். ரிவிஷன் தேர்வில் மார்க் குறைந்திருந்தது. மடியில் பூனையை வைத்துக்கொண்டு படித்தால் மார்க் எங்கே வரும் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். பூனையை வீட்டைவிட்டு விரட்ட நம் பக்கத்தில் ஒரு வழி சொல்வார்கள் அல்லவா, ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டால் அதற்கு வழி மறந்துவிடும், தண்ணீர் வாசனையை அழித்துவிடும் என்று. நீ டியூஷன் போயிருந்த நேரம் மிளகைச் சாக்கில் போட்டுக் கட்டி, உன் அப்பாவின் மொபெட்டில் வைத்து, நானே ஓட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய், அக்கரைத் தென்னந்தோப்பில் அவிழ்த்துவிட்டேன். சாக்கிலிருந்து வெளியே வந்து ஓடவில்லை அது. உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம் ஏதோ கடுவன் பூனையோடு போய்விட்டது என்று சொன்னேன். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. எட்டு நாள் என்னோடு பேசாமல், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாய். மார்க் கூடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அடுக்களை ஜன்னலில் நிழல் விழுந்தது. மிளகு. ஒரு பாதம் கிழிந்து, உடம்பு பாதியாகி, மயிரெல்லாம் மணல். என்னைப் பார்த்தது. என்னைவிட்டு ஒதுங்கிச் சுற்றி நடந்து, மூலையிலிருந்த அதன் சாந்துச் சட்டிக்கு நேராகப் போய்விட்டு, பிறகு அரிசி மூட்டையின் மேல் ஏறிச் சுருண்டுகொண்டது. உன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வாயில் இருந்த காபியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ஏன்டி, மேட்டூர் மூடி ரெண்டு மாசமாச்சு. ஆத்துல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. மணலைத் தாண்டி விட்டுட்டு ஆத்தைத் தாண்டி விட்டேன்னு வந்து நிக்கிறியே!" என்றார். நான் பாலத்தின் மேல் போனதால் கீழே என்ன ஓடுகிறது என்று பார்க்கவே இல்லை. நமக்கு ஆறு என்றால் ஆறுதான், தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பூனைக்கு அது வெறும் மணல். நடந்து வந்துவிட்டது. நீ டியூஷனிலிருந்து வந்து அதைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு அழுதாயே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

அந்த ஒன்பதாம் நாளை நான் ஏன் மறக்கவில்லை என்று சொல்கிறேன். இதுவும் நீ அறியாதது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம் இருக்கும். அங்கன்வாடி வேலைக்கு நேர்காணல் வந்தது. வீட்டில் சொல்லாமல் போய் வந்தேன். திரும்பி வந்ததும் உன் அப்பா, அவருடைய அம்மாவுக்கும் அக்காவுக்கும் முன்னால், என்னைக் கன்னத்தில் அறைந்தார். உன் அப்பா நல்லவர். அன்றைக்கு நல்லவராக இல்லை. மறுநாள் ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு சீர்காழியில் என் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். பஸ் மாறி மாறி, போய்ச் சேர மத்தியானம் ஆனது. என் அப்பா என் கன்னத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அம்மாவிடம் "எலை போடு" என்றார். விரால் மீன் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, என் பையை அவரே எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். "நீ இங்க விருந்தாளிம்மா. விருந்தாளி சாப்புட்டுட்டுக் கெளம்பணும்" என்றார். பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தலையைத் தடவி, "நல்ல பொண்ணு" என்றார்.

நல்ல பொண்ணு! டைகரிடம் நான் சொல்கிற அதே சொல், அதே தடவல். நானும் அன்றைக்கு வாலை ஆட்டினேன், பாப்பா. "சரிப்பா" என்று சொல்லிச் சிரித்தேன். அன்று பஸ்ஸில் சிரித்த சிரிப்பும் போன ஞாயிறு அந்தப் பெரியம்மாவுக்கு முன்னால் சிரித்த சிரிப்பும் ஒன்றுதான். முப்பது வருஷமாக அது என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு பூனை ஒன்பது நாள் பட்டினி கிடந்து, பாதம் கிழிய மணலில் நடந்து, இது என் இடம் என்று ஜன்னலில் ஏறி நின்றது. நான் பிறந்த வீட்டில் எனக்கு அந்த மரியாதை இல்லை. பிறகு வேலைக்கு நான் போனது, உன் அப்பா மாறியது, எத்தனையோ வருஷம் கழித்து ஒரு நாள் என் கையைப் பிடித்து அந்த அறைக்கு வருத்தப்பட்டது எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. நல்லபடியாக முடிந்ததால் அது சரியாகிவிடாது. இந்தப் பத்தியை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "எழுது. அப்படியே எழுது" என்றார்.

பூனைக்குப் பாசம் கிடையாது என்று அந்தப் பெரியம்மா இன்னொரு வார்த்தையும் சொன்னார்கள். அவர்கள் பூனையோடு இருந்ததில்லை, அவ்வளவுதான். அக்கரையிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒரு வருஷம் மிளகு என் கைக்கெட்டும் தூரத்தில் வரவில்லை. மீன் தலை போட்டாலும், நான் நகர்ந்த பிறகுதான் எடுக்கும். நானும் கூப்பிடுவதை விட்டேன். அது இருக்கும் பக்கம் சும்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வேன், அதன் கண்ணைப் பார்க்க மாட்டேன். அப்புறம் எனக்குச் சிக்குன்குனியா வந்து, நீ காலேஜ் ஹாஸ்டலில், உன் அப்பா அறுவடையில், நான் கட்டிலில் கிடந்தேனே, அப்போது டைகர் வாசலிலேயே படுத்து முனகிக்கொண்டிருந்தது, பாவம், உள்ளே வரக் கூடாது என்று நான்தானே பழக்கினேன். மிளகு உள்ளே வந்தது. கட்டிலில் ஏறி, வீங்கிப்போன என் முழங்காலின் மேல் படுத்தது. நாலு நாள், சாப்பிடவும் வெளியே போகவும் தவிர, அது நகரவில்லை. நான் கூப்பிடவில்லை. ரொட்டி காட்டவில்லை. அதற்குத் தோன்றியது, வந்தது. என் வாழ்க்கையில் யாரும் எனக்காக அப்படி வந்ததில்லை என்று அன்றைக்கு அழுதேன்.

மாப்பிள்ளையை நான் ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் சொல்லட்டுமா? படிப்பு இல்லை, குடும்பம் இல்லை. அவர் முதன்முதலில் வந்த அன்று மிளகைப் பார்த்து "இந்தா, வா வா" என்று கூப்பிடவில்லை, தூக்கவும் போகவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உன் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். அது தூரத்திலிருந்து பார்த்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, கடைசியில் அவர் பாதத்தில் தலையை இடித்துவிட்டுப் போனது. அவர் பேச்சை நிறுத்தாமலே சிரித்தார். காத்திருக்கத் தெரிந்த பையன். அவரோடு நீ சண்டை போடுவாய், போடு. விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடு, அவரும் கொடுப்பார். மாமியார் வீட்டில் எல்லோரையும் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று கேள், அது மரியாதை, அதற்கும் வாலாட்டுவதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் யாராவது உன்னைப் பழக்க வந்தால், பழகாதே. அதட்டினால் அடங்காதே. ஒரு தடவை கை ஓங்கினால், இரண்டாவது தடவைக்காகக் காத்திருக்காதே, என்னை மாதிரி ராத்திரி முழுக்க யோசித்துப் புடவை எடுத்து வைக்காதே, கிளம்பு. உன் அத்தை இதைப் படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னாலேயே அபசகுனமாகப் பேசுகிறாள் என்பாள். சொல்லட்டும். வேன் சீட்டுக்கு அடியில் ஸ்டெப்னி டயர் வைக்கிறார்களே, அது அபசகுனமா?

நேற்று போனில் இன்னொன்றும் கேட்டாய், மிளகை மன்னார்குடிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று. வேண்டாம். நாயாக இருந்தால் உன் வாசனை போதும், எங்கே வேண்டுமானாலும் வரும். பூனைக்கு ஆள் மட்டும் போதாது, இடமும் வேண்டும். பதினோரு வயசுப் பூனையை மறுபடியும் ஒரு பையில் போட்டு ஆறு தாண்ட வைக்க எனக்கு மனசில்லை. அந்த அரிசி மூட்டையும் சாந்துச் சட்டியும் இங்கேதான் இருக்கின்றன.

கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அடுக்களை ஜன்னலுக்கு வலை அடிக்கலாம் என்று உன் அத்தை ஆசாரியைக் கூட்டிவந்தாள். நான் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வாசல் கதவுக்கு இன்னொரு சாவி வெட்டச் சொல்லி, அதை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கல்யாணப் புடவையோடு வருகிற சின்னப் பர்சில் போட்டுக்கொள். வியாழக்கிழமை வாசலில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் உன் நெற்றியில் சிலுவை போடுவேன், அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன். உன் அத்தை இடுப்பில் கிள்ளினாலும் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக, மன்னார்குடிப் பெரியம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக, நான் சொல்லப்போவது இதுதான். இப்போது ஆவணி, ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது, பாலம் வழியாக வா. பங்குனியில் வறண்டு கிடக்கும், மணல் வழியாக வா. மிளகு இந்த வீட்டுப் பூனை. நீயும்தான்.

உன்
அம்மா